மனுதாரர் ஜெயகுமாரி

எங்கள் குவார்ட்டர்ஸில் மனு எழுதுகிறவர்கள் ஆம்பளைகள், மனுதாரர்கள் பொம்பளைகள். இது எழுதாத சட்டம். டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவன் வெளியே எங்கேயாவது புகார் கொடுத்தால் மேலே இருந்து கேள்வி வரும் என்று ஒரு பயம். அந்தக் கேள்வி யாருக்கு வந்தது, எப்போது வந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. பயம் மட்டும் பிளாக் பிளாக்காக, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்று வந்துகொண்டே இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லையா, ரேஷனில் பாமாயில் இல்லையா, பஸ் நிற்காமல் போகிறதா, எதற்கு எழுதினாலும் கீழே ஒரு பெண்ணின் பெயர்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் இதில் பெரிய கை. தூத்துக்குடியிலிருந்து ஆவடிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் எழுதிய மனுக்களுக்கு அளவில்லை. எல்லாவற்றிலும் “இப்படிக்கு, கி. ஜெயகுமாரி”. நான் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன். “ஜெயா, உன் பேர்ல ஒண்ணு போடுறேன்” என்பார். “போடுங்க” என்பேன். ஆரம்பத்தில் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார். கையில் மாவு, எண்ணெய் என்று நான் வரத் தாமதமாகும். அவருக்கோ தபால் எடுப்பதற்குள் போட வேண்டும் என்ற அவசரம். அதனால் அவரே போட ஆரம்பித்தார், அதுவே பழகிவிட்டது. அவர் போடும் ஜெயகுமாரி பார்க்க லட்சணமாக இருக்கும். கடைசி எழுத்தில் ஒரு சுழி, அடியில் ஒரு கோடு. நான் போட்டால் எழுத்துகள் ஒன்றோடொன்று சண்டை போட்டவை மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும்.

பக்கத்து பிளாக் பெண்கள் “ஜெயாக்காவுக்குத் தைரியம் ஜாஸ்தி” என்பார்கள். நானும் மறுத்ததில்லை. ஓசியில் வருகிற பேரை யார் வேண்டாம் என்பார்கள்?

போன வருஷம் ஐப்பசி மழையில் என் தங்கை ஹெலினாவின் கணவன் ரிச்சர்ட் செத்துப்போனான். அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அண்ணனூருக்கு வண்டியில் திரும்பியவன், அவர்கள் தெரு முனையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தில் வண்டியோடு விழுந்தான். தெரு முழுக்கத் தண்ணீர். எது ரோடு, எது பள்ளம் என்று எவனுக்குத் தெரியும்? தடுப்பு இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, ஒரு மரக்கிளையை ஒடித்துச் செருகிவைக்கக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. அவனை எடுத்துக்கொண்டு போன பிறகு இரும்புத் தடுப்புகள் வந்து வரிசையாக நின்றன. போலீஸ் வந்து பார்த்தபோது தடுப்பு இருந்தது. “அஜாக்கிரதையாக ஓட்டித் தானே விழுந்தார்” என்று எழுதி, வழக்கை முடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஊர் வாய்க்கு அது போதாதா? குடித்திருப்பான் என்றார்கள். செல்போன் பேசிக்கொண்டு வந்திருப்பான் என்றார்கள். ரிச்சர்டுக்கு சோடா குடித்தாலே நெஞ்சு எரியும். ஹெலினாவின் மாமியாரே ஒரு நாள், “பையன் கொஞ்சம் நெதானமா வந்துருக்கலாம்” என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஹெலினா என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்க்கா. அவர் மேல தப்பு இல்லேன்னு ஒரு கோர்ட்டு சொல்லணும். அது போதும்.”

வடிகால் வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் பரந்தாமன். தடுப்பு வைப்பது தன் ஒப்பந்தத்தில் இல்லை, அது அலுவலகத்தின் பொறுப்பு என்றார். அலுவலகத்தில் கேட்டால், அது கான்ட்ராக்டர் பொறுப்பு என்றார்கள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்லி இன்னொரு வம்பை வாங்க எனக்குத் தெம்பில்லை. ஹெலினாவுக்காக நாங்கள் பார்த்த வக்கீலம்மாதான் தெளிவாகச் சொன்னார். “யார் வைக்கணும்னு ஒப்பந்தத்துல கண்டிப்பா எழுதியிருக்கும். போலீஸ் வழக்கை மூடக் கூடாதுன்னு நாம கோர்ட்டுல எதிர்க்கணும்னா அந்த ஒப்பந்தம் கையில வேணும். தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்குங்க.”

ஹெலினா தன் பேரிலேயே கேட்கிறேன் என்றாள். இவர்தான் விடவில்லை. “நீ தனியா இருக்கிற பொண்ணு. நாளைக்கு எவனாவது வந்து கதவைத் தட்டினா என்ன செய்வ? ஜெயா பேர்ல போடுவோம். நான் இருக்கேன்ல?” என்றார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் பெருமையாக இருந்தது. “நல்லா அழுத்திப் போடுங்க” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

மனு போய்க் கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பால்ராஜ் வந்தான். ஹெலினா இருக்கும் பகுதியின் அன்பியத்துக்கு, அதாவது சர்ச் ஜெபக் குழுவுக்கு, அவன்தான் பொறுப்பாளர். வாரா வாரம் வீடு வீடாகக் கூட்டி ஜெபம் சொல்ல வைப்பான். பரந்தாமனிடம் சைட் மேனேஜரும் அவன்தான். ரிச்சர்ட் அடக்கத்துக்குப் பூவண்டி ஏற்பாடு செய்து, கல்லறைவரை முன்னால் சிலுவை பிடித்துக்கொண்டு நடந்தவன். நல்லவனா கெட்டவனா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து டீப்பாயில் வைத்தான். எங்கள் மனு. என் பெயர், பிளாக் நம்பர், வீட்டு நம்பர், செல் நம்பர் எல்லாம் அதில் இருந்தன.

“இன்னாக்கா, இப்டி பண்ட்டீங்க. எங்கையாண்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?”

“இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?”

“ஆபீஸ்லேர்ந்து தான் அனுப்பிகிறாங்கோ. ஒப்பந்தத்த இந்தம்மாவுக்குக் குட்க்கலாமா வாணாமான்னு எங்க மொதலாளியக் கேட்டுகிறாங்கோ. மூணாந்தரப்பு நோட்டீஸாம். அதான் ரூலுன்றாங்கோ.”

திருடன் கையில் சாவி கொடுத்த கதை. பள்ளம் தோண்டியவனிடமே, பள்ளத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு நிற்காமல் கேட்டவளின் வீட்டுக்கு வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பால்ராஜ் மிரட்டவில்லை. அப்படி மிரட்டியிருந்தால் கழுவுகிற மீனோடு அவனையும் வெளியே போட்டிருப்பேன். காபி கொடுத்தேன், ரசித்துக் குடித்தான். பிறகு இவர் பக்கம் திரும்பி, “அண்ணே, ஒங்க ஃபோர்மேன் நம்மளுக்கு ரொம்பப் பழக்கம். ஒங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லிகினு இருந்தாரு. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷந்தானே கீது?” என்றான்.

“ஆமா தம்பி” என்றார் இவர்.

“காபி சூப்பர்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போக மறக்கவில்லை.

அப்புறம் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட நிறுவனம் ஆட்சேபித்திருப்பதாலும், ஒப்பந்தத்தில் வணிக ரகசியம் இருப்பதாலும் தகவல் தர இயலாது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரறிய, நடுத்தெருவில் பள்ளம் தோண்டுகிறவனுக்கு என்ன ரகசியம்? மேல்முறையீடு எழுதுங்கள் என்று நான்தான் பிடித்து உலுக்கினேன். எழுதினார். எப்போதும் எழுதும்போது வாய்விட்டுப் படித்துக்காட்டி, “எப்படி?” என்று கேட்பவர், இந்த முறை படித்துக்காட்டவில்லை. கேட்டதற்கு, “தொண்டை சரியில்லை” என்றார்.

அதன் பிறகு ஆள் மாறிப்போனார். சாப்பிடும்போது பேசமாட்டார், சாப்பிட்ட பிறகும் பேசமாட்டார். ஃபோர்மேன் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. என்ன சொன்னார் என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, சும்மா விசாரிச்சார்” என்றார். ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தார்.

“விட்டுடுவோமா ஜெயா? அந்தப் பேப்பர் வந்தா மட்டும் ரிச்சர்ட் எழுந்து வரப்போறானா?”

“நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நானும் இப்படித்தான் நெனச்சுக்கணுமா?”

அவர் தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அப்படிக் கேட்டதற்காக எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேச்சு அதோடு முடிந்தது, மனுஷன் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியும் அவ்வளவுதான் என் கணக்கு.

விசாரணைக்கு மனுதாரர் நேரில் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. அடுத்த வாரம் கோர்ட்டில் ஹெலினாவுக்குக் கடைசி வாய்தா. அதற்குள் ஒப்பந்தத்தின் நகல் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் போலீஸ் எழுதியதுதான் நிலைக்கும் என்று வக்கீலம்மா கறாராகச் சொல்லியிருந்தார். ஹெலினா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஏண்டி என்று கேட்டதற்கு, “பாக்கறவங்களுக்காவது மனசு இளகட்டும்” என்றாள். இவரும் வந்தார். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மேல்முறையீட்டு அதிகாரி இராமகிருஷ்ணன் வயசானவர், முகத்தில் நிதானம் இருந்தது. அவருக்கு ஒரு பக்கம் எங்களுக்கு மறுத்து எழுதிய தகவல் அலுவலர், மறு பக்கம் பரந்தாமனுக்காக வந்திருந்த பால்ராஜ். என்னைப் பார்த்ததும் பால்ராஜ், “தோத்திரம்க்கா” என்றான்.

“ஜெயகுமாரி யாரு?”

“நான்தான் சார்.”

இத்தனை வருஷமாக என் பெயர் மட்டும் ஏறி இறங்கிய ஆபீஸ் படிகளில் அன்றைக்குத்தான் முதல்முறையாக நானும் ஏறியிருந்தேன்.

“மனுவைப் படிச்சேன்மா. ரிச்சர்ட் விழுந்து இறந்ததை எல்லாம் எழுதியிருக்கீங்க” என்றார் இராமகிருஷ்ணன். “மக்கள் வரிப்பணத்துல போட்ட ஒப்பந்தம். பாதுகாப்புக்கு யார் பொறுப்புங்கிறது எப்படி வணிக ரகசியம் ஆகும்னு எனக்குப் புரியல.” ஹெலினா என் கையைப் பிடித்து இறுக்கினாள். அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “ஆனா நீங்களேதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீங்களே. அப்புறம் ஏன் சிரமப்பட்டு வந்தீங்க?”

“நானா?”

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். “சொந்தக் காரணங்களால் எனது மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்படிக்கு, கி. ஜெயகுமாரி.” கடைசி எழுத்தில் சுழி, அடியில் கோடு.

எனக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை. திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த மனுஷன் என்று எனக்குத் தெரியும். பயத்தைக்கூட என் பெயரில் எழுதிக் கொடுப்பார் என்று தெரியாது. அந்த நேரத்தில் அவரை ஓங்கி ஒரு அறை அறைய வேண்டும் போலத்தான் இருந்தது.

“இது என் கையெழுத்து இல்ல சார்.”

தகவல் அலுவலர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி மூன்று காகிதங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினார். முதல் மனு, மேல்முறையீடு, வாபஸ் கடிதம். “மூணும் ஒரே கைதான் சார். இது இவங்களோடது இல்லேன்னா அது ரெண்டும் இவங்களோடது இல்ல. அப்ப மனுவே செல்லாது.”

“கரீட்டு சார்” என்றான் பால்ராஜ்.

என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டேன். ஆமாம், என் கையெழுத்துதான் என்றால் வாபஸ் செல்லும். இல்லை என்றால் மனு செல்லாது. எந்தப் பக்கம் போனாலும் ஹெலினாவுக்குக் காகிதம் கிடைக்காது.

“ஆமான்னு சொல்லிடு ஜெயா” என்று இவர் என் காதருகே முணுமுணுத்தார். “வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

ஹெலினாவுக்கு அது கேட்டுவிட்டது. “அத்தான்?” என்றாள். அவர் அவளையும் பார்க்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். “சார், மூணும் நான் போட்டது இல்ல. மூணும் என் வீட்டுக்காரர் போட்டது. முதல் ரெண்டும் என்கிட்ட சொல்லிட்டு, என் சம்மதத்தோட போட்டாரு. இது எனக்குத் தெரியாமப் போட்டது.”

இராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?”

பால்ராஜ்தான் சொன்னான். “டிஃபென்ஸ் ஃபேக்டரி சார். பெர்மனென்ட்டு.”

இராமகிருஷ்ணன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “வாயால சொல்றதை வெச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது. இப்ப சொன்னதை அப்படியே எழுதி, உங்க கையால கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா வாபஸை ஒதுக்கிட்டு, நகலைக் குடுக்கச் சொல்லி இன்னிக்கே ஆர்டர் போடறேன். இல்லேன்னா இதை முடிச்சுத்தான் வைக்கணும்.”

“நான் என் பேர்லயே புதுசா மனு போடுறேன் சார்” என்றாள் ஹெலினா.

“போடலாம்மா. முதல்லேர்ந்து வரும். நோட்டீஸ், ஆட்சேபம், மறுபடி மேல்முறையீடு.”

அடுத்த வாரம் வாய்தாவை வைத்துக்கொண்டு அதற்கு எங்கே போவது? “பேப்பர் குடுங்க சார்” என்றேன்.

“இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க குடுக்கற கடிதத்தோட நகல் இவங்களுக்கும் போகும்.” பால்ராஜைக் காட்டினார். “இவங்களும் இதுல ஒரு தரப்பு. விதி அப்படி.”

பால்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்டாட்டி கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டு அரசாங்க அலுவலகத்தை ஏமாற்றியவன் என்று பெண்டாட்டியே எழுதிக் கொடுத்த கடிதம் பரந்தாமன் கைக்குப் போகும். அங்கிருந்து ஃபேக்டரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

“ஜெயா!” இப்போது இவர் முணுமுணுக்கவில்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். “என் வேலை போயிடும். பென்ஷன் போயிடும். ரெண்டே வருஷம்தான் இருக்கு. அதை நினைச்சுதான் அப்படிப் பண்ணேன். நமக்காகத்தான் பண்ணேன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. நான் தயங்கினேன். தயங்கவே இல்லை என்று சொன்னால் பொய். இந்த மனுஷன் எனக்கு ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இந்த வயசில் எங்கே போய் நிற்பது?

ஹெலினா என் கையை விட்டாள். “வேண்டாம்க்கா, விட்டுடு” என்றாள். “அத்தான் பாவம். நான் பழகிக்கிறேன்.”

குடிகாரன் பெண்டாட்டி என்கிற பேருக்குப் பழகிக்கொள்கிறாளாம். அவள் அழுதிருந்தால்கூட நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேனோ என்னவோ. அவள் சமாதானமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காகிதத்தை வாங்கி எழுதினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. அடியில் என் பெயரைப் போட்டேன். எழுத்துகள் தள்ளித் தள்ளி நின்றன. தகவல் அலுவலர் எட்டிப் பார்த்து, “இதுவாம்மா உங்க கையெழுத்து?” என்றார். என் கையெழுத்து இருக்கும் பான் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதிலும் எழுத்துகள் அப்படியே தள்ளித் தள்ளித்தான் நின்றன.

ஒப்பந்தத்தை எங்களுக்குக் காட்டலாமா கூடாதா என்று மாசக்கணக்கில் யோசித்த அலுவலகம், என் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பால்ராஜ் கையில் கொடுக்க ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று எனக்கோ இவருக்கோ யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. பால்ராஜ் அதை ஒருமுறை படித்தான். கசங்காமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“வரேன்க்கா. புதங்கிழம அன்பியம் உங்க தங்கச்சி ஊட்லதான். மறந்துறாதீங்கோ.”

ஆர்டர் டைப் ஆகும்வரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இவர் உட்காரவில்லை. படியிறங்கிப் போகும் பால்ராஜைப் பார்த்துக்கொண்டே நின்றவர், திடீரென்று அவன் பின்னால் ஓட ஆரம்பித்தார். மகன் வயசுப் பையன் அவன். தம்பி, தம்பி என்றுதான் எப்போதும் கூப்பிடுவார்.

“சார்” என்று கூப்பிட்டார். “சார், ஒரு நிமிஷம் சார்.”

ஹெலினா பாதி எழுந்துவிட்டாள். “அக்கா, நான் போய் அத்தானைக் கூட்டிட்டு வரட்டுமா?”

“உக்காரு” என்றேன். “ஆர்டர்ல உன் புருஷன் பேரைச் சரியா போட்டிருக்காங்களான்னு பாத்து வாங்கணும்.”

கீழே இவர் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை.